மொழிக்கு வேகம் உண்டா? எட்டு ராணிகளை வைத்து ஒரு விளக்கம்

கோயம்புத்தூரிலிருந்து பெருந்துறை போகிற வழியெல்லாம் இன்ஜினியரிங் கல்லூரிகள்தான். வார இறுதிகளில் அந்தப் பிள்ளைகளுக்கு புரோகிராமிங் சொல்லித்தருகிறேன். எந்த பேட்ச் வந்தாலும் இந்தக் கேள்வி மட்டும் தவறாமல் வந்துவிடும்: "ஏனுங்ணா, பைத்தான் ரொம்ப ஸ்லோவாமுங்க. சி எழுபது மடங்கு ஸ்பீடுங்கறாங்க. அப்புறம் எதுக்குங்ணா பைத்தான் படிக்கோணும்?"

பைத்தானும் சி-யும் புரோகிராம் எழுதும் மொழிகள். அந்த எழுபது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் வராது. எனக்குத் தெரிந்து அதன் ஊற்று ஒரு அட்டவணை. போர்ச்சுகல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் 2017-இல் 27 மொழிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரமும் மின்சாரமும் எடுக்கிறது என்று அளந்து வெளியிட்டார்கள். சி-யின் நேரத்தை 1 என்று வைத்தால் பைத்தானுக்கு 71.90 வருகிறது. அந்த ஒரு வரிதான் படமாக வெட்டப்பட்டு வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அதே அட்டவணையில் இன்னும் இரண்டு வரிகள் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் 6.52, டைப்ஸ்கிரிப்ட் 46.20. டைப்ஸ்கிரிப்ட் தெரிந்தவர்கள் இங்கே நிமிர்ந்து உட்கார வேண்டும். டைப்ஸ்கிரிப்டில் எழுதியது எதுவும் அப்படியே ஓடுவதில்லை. முதலில் ஜாவாஸ்கிரிப்டாக மாற்றப்பட்டு, பிறகு அந்த ஜாவாஸ்கிரிப்ட்தான் ஓடுகிறது. ஓடுவது ஒன்றேதான் என்றால் ஏழு மடங்கு வித்தியாசம் எப்படி வந்தது? இரண்டு பெயரிலும் போட்டிக்கு வைக்கப்பட்ட புரோகிராம்கள் ஒரே மாதிரி எழுதப்படவில்லை, அவ்வளவுதான். ஆராய்ச்சியைக் குறை சொல்லவில்லை. அளக்கப்பட்டது புரோகிராம், நாம் படிக்கும்போது அதை மொழியின் பெயரில் எழுதிக்கொள்கிறோம்.

இதை ஒரு புதிரை வைத்தே பார்த்துவிடலாம்.

புதிர்

சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள். அதில் எட்டு ராணிகளை வைக்க வேண்டும், ஒன்று இன்னொன்றை வெட்டக்கூடாது. ராணி நேராகவும் குறுக்காகவும் மூலைவாட்டிலும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகும். ஆகவே இரண்டு ராணிகள் ஒரே வரிசையிலோ, ஒரே பத்தியிலோ, ஒரே மூலைவிட்டத்திலோ இருக்கக்கூடாது. 1848-இல் மாக்ஸ் பெஸல் என்ற ஜெர்மன் சதுரங்கக்காரர் போட்ட புதிர் இது. கணித மேதை காஸ்கூட இதில் கைவைத்திருக்கிறார். மொத்தம் 92 விடைகள்.

கணினி இதை எப்படிப் போடும் என்பதைச் சின்னப் பலகையில் பார்ப்போம். நான்குக்கு நான்கு கட்டம், நான்கு ராணிகள். முதல் வரிசையில் 1-ஆம் கட்டத்தில் ஒரு ராணி. இரண்டாம் வரிசையில் 1-உம் 2-உம் வெட்டுப்படும், 3-இல் வைக்கலாம். மூன்றாம் வரிசைக்கு வந்தால் நான்கு கட்டங்களுமே வெட்டு. முன்னால் போக வழியில்லை. ஆகவே இரண்டாம் வரிசைக்குத் திரும்பி, 3-இல் வைத்ததை எடுத்து 4-இல் வைக்கிறோம். இப்போது மூன்றாம் வரிசையில் 2-இல் இடம் கிடைக்கிறது, ஆனால் நான்காம் வரிசையில் மறுபடி முட்டுகிறது. மூன்றாம் வரிசையிலும் வேறு கட்டம் இல்லை. இப்படியே திரும்பித் திரும்பி, கடைசியில் முதல் ராணியையே 2-ஆம் கட்டத்துக்கு நகர்த்துகிறோம். பிறகு 4, 1, 3 என்று சரசரவென்று உட்கார்ந்துவிடுகிறது. விடை: 2, 4, 1, 3.

ஒரு வேலையை முடிக்க இப்படிப் படிப்படியாகச் சொல்லப்படும் முறைக்கு அல்காரிதம் என்று பெயர். முட்டினால் ஒரு படி பின்வாங்கி வேறு வழி தேடும் இந்தக் குறிப்பிட்ட அல்காரிதத்துக்கு பேக்டிராக்கிங் என்று பெயர்.

வேகத்தை ஒப்பிட இந்தப் புதிரை விரும்புவதற்குக் காரணம் உண்டு. புரோகிராம் முப்பது வரியைத் தாண்டாது. வெளியிலிருந்து எந்த ஃபைலும் வேண்டாம். விடை ஏற்கனவே தெரியும் என்பதால் தப்பு நடந்தால் உடனே தெரிந்துவிடும். பலகையைப் பெரிதாக்கினால் வேலையும் பெருகும்: 10-க்கு 10 பலகைக்கு 724 விடைகள், 12-க்கு 14,200, 14-க்கு 3,65,596.

ஒரு லேத் பட்டறை

சரி, ஒரே அல்காரிதத்தை இரண்டு மொழிகளில் எழுதினால் நேரம் ஏன் மாறுகிறது?

கோயம்புத்தூரில் கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு லேத் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். பம்ப்செட் மோட்டாருக்கு ஷாப்ட் கடைந்து தர ஆயிரம் பீஸ் ஆர்டர். தொழிலாளி ஒரு பீஸை எடுக்கிறார், டிராயிங்கை விரிக்கிறார், முதல் வரியைப் படிக்கிறார். கையில் இருப்பது எஃகா பித்தளையா என்று பார்க்கிறார். அதற்கேற்ற டூலை மாட்டிக் கடைகிறார். அடுத்த வரி. மறுபடி உலோகத்தைப் பார்க்கிறார், டூலை மாட்டுகிறார். ஆயிரமாவது பீஸ் வரைக்கும் இதே கதை. எந்த உலோகத்தைக் கொடுத்தாலும் தடுமாற மாட்டார், டிராயிங்கில் கடைசி நிமிஷம் ஒரு மாற்றம் சொன்னாலும் கவலையில்லை. ஆனால் கடைகிற நேரத்தைவிடப் பார்க்கிற நேரம் அதிகம்.

பக்கத்துப் பட்டறையில் சிஎன்சி மெஷின், அதாவது செட்டிங் போட்டுவிட்டால் கணினிக் கட்டளைப்படி தானே கடையும் மெஷின். டிராயிங்கை முழுதாகப் படித்து, எஃகுதான் என்று முடிவு செய்து, செட்டிங் போடுகிறார்கள். அதற்கே காலை நேரம் போய்விடும். அதுவரை ஒரு பீஸ்கூட வெளியே வராது. செட்டிங் முடிந்துவிட்டால் டிராயிங்கை யாரும் திறப்பதில்லை, பீஸ் விழுந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது பட்டறை கொஞ்சம் கெட்டிக்காரப் பட்டறை. முதலில் கையால் வேலை தொடங்கும். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டே இருப்பார். அதே ஷாப்ட், அதே எஃகு திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்ததும், அந்த ஒரு ஜாபுக்கு மட்டும் மெஷினில் செட்டிங் போட்டுவிடுவார். நடுவில் பித்தளை வந்தால் அதை மட்டும் கைவேலைக்குத் திருப்பிவிடுவார்.

இப்போது பெயர்கள். நாம் எழுதியதை ஓடுவதற்கு முன்பே முழுதாகப் படித்து, ப்ராசஸருக்கு நேரடியாகப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். சி, ரஸ்ட் எல்லாம் இப்படி ஓடுகின்றன. நாம் எழுதியதை ஓடும்போதே ஒவ்வொரு கட்டளையாகப் பார்த்துப் பார்த்துச் செய்வது இன்டர்பிரட்டர். ஓடிக்கொண்டிருக்கும்போது அடிக்கடி வரும் பகுதியை மட்டும் கண்டுபிடித்து மாற்றிக்கொள்வது ஜிட் கம்பைலர். ஜாவாவும், குரோம் பிரவுசருக்குள் 2008-இலிருந்து இருக்கும் வி8 என்ற ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜினும் ஜிட் வகை.

பைத்தானை எங்கே சேர்ப்பது? பெரும்பாலானோர் பைத்தான் என்று இன்ஸ்டால் செய்வது சிபைத்தான் என்ற புரோகிராமை. அது நம் புரோகிராமை முதலில் பைட்கோட் என்ற சுருக்கக் குறிப்பாக மாற்றிக்கொண்டு, அந்தக் குறிப்பை இன்டர்பிரட்டர் மூலம் ஓட்டுகிறது. ஆனால் பைபை என்று இன்னொன்று இருக்கிறது. நீங்கள் எழுதிய அதே பைத்தான் ஃபைலை ஒரு எழுத்து மாற்றாமல் கொடுத்தால், அது ஜிட் முறையில் ஓட்டும். நம் ராணிப் புதிர் மாதிரியான வேலையில் பைபை சிபைத்தானைப் பல மடங்கு முந்திவிடும். ஃபைல் அதே, மொழி அதே, நேரம் மட்டும் வேறு. மொழி என்பது எழுதும் விதிகளின் தொகுப்பு; அதை ஓட்டிக்காட்டும் புரோகிராமுக்குத்தான் வேகம் உண்டு.

அந்தப் புரோகிராமும் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. 2022 அக்டோபரில் வந்த பைத்தான் 3.11, முந்தைய 3.10-ஐவிட சராசரியாக 1.25 மடங்கு வேகம் என்று அதன் வெளியீட்டுக் குறிப்பே சொல்கிறது. 2024 அக்டோபரில் வந்த 3.13-இல் பரிசோதனை முறையில் ஒரு ஜிட்டும் சேர்ந்துவிட்டது. 2017 அட்டவணையை இன்றைக்கு ஃபார்வர்டு செய்கிறவர்கள் இதையும் கொஞ்சம் கணக்கில் வைக்கலாம்.

ஒரே ஒரு கழித்தல்

வித்தியாசம் எங்கே பிறக்கிறது என்பதை இன்னும் கிட்டப் போய்ப் பார்ப்போம். இரண்டு ராணிகள் ஒரே மூலைவிட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க, வரிசை எண்களின் வித்தியாசத்தையும் பத்தி எண்களின் வித்தியாசத்தையும் ஒப்பிட்டால் போதும். இரண்டும் சமம் என்றால் வெட்டு. ஆக, உள்ளே திரும்பத் திரும்ப நடப்பது கழித்தல்தான்.

சி-யில் அந்த எண் முழு எண் என்று எழுதும்போதே சொல்லியாகிவிட்டது. வழக்கமாக 4 பைட் இடம். கம்பைலர் அதற்கு ஒரே ஒரு கழித்தல் கட்டளையை எழுதிவைக்கும். ப்ராசஸர் அதை ஒரு துடிப்பில் முடித்துவிடும்.

சிபைத்தானில் அதே கழித்தலுக்கு எவ்வளவு சடங்கு என்று பாருங்கள். "கழி" என்ற பைட்கோட் கட்டளையை எடுக்க வேண்டும். இடது பக்கம் இருப்பது என்ன வகை? முழு எண்ணா, தசம எண்ணா, வேறு ஏதாவதா? வலது பக்கம்? இரண்டும் முழு எண் என்றால் அதற்கான கழித்தல் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே எண்ணும் வெறும் எண்ணாக இருப்பதில்லை. வகை, எத்தனை பேர் தன்னைப் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு எல்லாம் சேர்ந்த ஒரு பொட்டலமாக இருக்கிறது. 64-பிட் கணினியில் சின்ன எண் 1-க்கே 28 பைட். பொட்டலத்தைப் பிரித்து, கழித்து, விடைக்கு ஒரு பொட்டலம் கொடுத்து, பயன்பாட்டுக் கணக்கைத் திருத்த வேண்டும். -5 முதல் 256 வரையான எண்களுக்கு முன்கூட்டியே பொட்டலம் போட்டு வைத்திருப்பார்கள் என்பதால் நம் புதிரில் புதிதாகக் கட்டும் வேலை மிச்சம். மற்றதெல்லாம் உண்டு. 3.11-இல் செய்த மாற்றமும் இங்கேதான்: ஒரு இடத்தில் எப்போதும் முழு எண்தான் வருகிறது என்று கண்டுகொண்டால் அந்தக் கட்டளையையே முழு எண்ணுக்கு ஏற்றதாக மாற்றிக்கொள்கிறது.

இந்தச் சடங்குக்குப் பிரதிபலன் இல்லாமல் இல்லை. சி-யின் 4 பைட் எண் 214 கோடியைத் தாண்டினால் கணக்கு கெட்டுப்போகும், எச்சரிக்கையும் வராது. பைத்தானில் எண் எவ்வளவு நீளமானாலும் விடை சரியாக வரும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: அல்காரிதம் ஒன்றே என்றாலும், ஒவ்வொரு சின்ன அடிக்கும் எவ்வளவு சரிபார்ப்பு வேலை சேர்கிறது என்பதில் சி-யும் சிபைத்தானும் மாறுபடுகின்றன. ராணிப் புதிர் முழுக்கச் சின்ன அடிகளால் ஆனது. அதனால் இதில் சிபைத்தான் பல பத்து மடங்கு பின்தங்குவது உண்மைதான்.

ஆனால் அல்காரிதத்தை மாற்றினால்?

இப்போது சி-க்கு ஒரு முட்டாள்தனமான அல்காரிதத்தையும் பைத்தானுக்கு நல்லதையும் கொடுத்துப் பார்ப்போம். 64 கட்டங்களில் எட்டைத் தேர்ந்தெடுக்கும் எல்லா வழிகளையும் ஒன்றுவிடாமல் சோதிப்பது முதல் அல்காரிதம். அப்படி 442,61,65,368 வழிகள் உள்ளன. நானூற்று நாற்பது கோடிக்கும் மேல். பேக்டிராக்கிங் முறையில் 92 விடைகளையும் கண்டுபிடிக்க ஒரு ராணியை வைத்துப் பார்க்கும் முயற்சிகள் மொத்தம் 15,720 மட்டுமே.

ஏறத்தாழ 2.8 லட்சம் மடங்கு குறைவு. இதன் முன்னால் எழுபது மடங்கு என்ன செய்யும்? சி இன்னும் கட்டங்களை எண்ணிக்கொண்டிருக்கும்போது பைத்தான் எப்போதோ முடித்துவிட்டிருக்கும். பாஸ்கல் என்ற மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 1971-இல் புரோகிராமைப் படிப்படியாக எப்படி வளர்ப்பது என்று விளக்க எழுதிய கட்டுரைக்கு இதே எட்டு ராணிகளைத்தான் எடுத்துக்கொண்டார். மொழி ஒப்பீட்டைவிட அந்தப் பாடத்துக்குத்தான் இந்தப் புதிர் பொருத்தம் என்பது என் கட்சி.

ஒப்பீட்டுக்கு இதிலிருந்து வரும் விதி: இரண்டு பக்கமும் ஒரே அல்காரிதம் இருக்க வேண்டும். சொல்வது சுலபம். ஒருவர் ஏற்கனவே வைத்த ராணிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். இன்னொருவர் எந்தப் பத்தி, எந்த மூலைவிட்டம் அடைபட்டது என்பதை மூன்று எண்களின் பிட்டுகளில் (0, 1 இலக்கங்களில்) குறித்துவைத்து ஒரே அடியில் பார்த்துவிடுவார். இரண்டுக்கும் பேக்டிராக்கிங் என்றுதான் பெயர். வேகமோ எங்கேயோ.

அளக்கும்போது சறுக்கும் இடங்கள்

வேகத்தை ஒப்பிடுவதற்கென்றே ஓட்டப்படும் இத்தகைய புரோகிராமுக்கு பெஞ்ச்மார்க் என்று பெயர். மாணவர்கள் எழுதும் பெஞ்ச்மார்க்குகளில் பாதி, பலகையை 8-லேயே வைத்துவிடுவதில் கெட்டுப்போகின்றன. எட்டு ராணிகளை சி ஒரு மில்லி வினாடிக்கும் குறைவாக முடித்துவிடும். பைத்தானோ ஜாவாவோ தொடங்கித் தயாராவதற்கே அதைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும். புரோகிராம் தொடங்கியதிலிருந்து முடியும் வரை அளந்தால், நீங்கள் அளந்தது பெரும்பாலும் செட்டிங் நேரம். பலகையை 12-க்கு ஏற்றுங்கள், விடைகளின் எண்ணிக்கை 14,200 வருகிறதா என்று பார்த்துவிட்டு நேரத்தைப் படியுங்கள். எண்ணிக்கை தப்பாக இருந்தால் அந்த நேரத்துக்கு மதிப்பே இல்லை. இதைச் சொல்வதற்குக் காரணம், வேகமாக ஓடிய புரோகிராம் சில மூலைவிட்டங்களைப் பார்க்க மறந்த புரோகிராமாக இருப்பது சாதாரணம்.

விடைகளை ஸ்கிரீனில் அச்சடிக்காதீர்கள். 14,200 பலகைகளை ஓடவிட்டால் அளக்கப்படுவது அவற்றை எழுத்தாகக் காட்டும் டெர்மினல் விண்டோவின் வேகம். எண்ணிக்கையை மட்டும் கடைசியில் ஒரு தடவை அச்சடியுங்கள். அதையும் அச்சடிக்காமல் விட்டால் சி-யில் வேறு வம்பு: யாரும் கேட்காத விடையைக் கணக்கிடும் வேலையையே தூக்கி எறிய கம்பைலருக்கு உரிமை உண்டு. அப்படி நடந்தால் "பூஜ்ஜியம் வினாடி" என்று வரும், உடனே அதற்கும் ஒரு ஸ்டேட்டஸ் போடுவார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. சி கம்பைலரிடம் ஆப்டிமைசேஷன், அதாவது வேகமாக ஓடும்படி செதுக்கும் வேலை, வேண்டும் என்று சொல்லாமல் கம்பைல் செய்தால் அது மேம்போக்கான வேலையைத்தான் தரும். சி-க்கு அநியாயம் நடப்பது அங்கே.

ஜாவாவுக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் முதல் ஓட்டத்தில் ஜிட் இன்னும் வேலையைத் தொடங்கியே இருக்காது. ஒரே புரோகிராமுக்குள் சில தடவை ஓடவிட்டு, அதன்பின் வரும் நேரத்தை எடுப்பது நியாயம். ஆனால் உங்கள் நிஜ வேலை ஒரே ஒரு தடவை ஓடி முடிகிற வேலை என்றால், முதல் ஓட்டம்தான் உங்களுக்கான எண்.

வெயிலையும் மறக்கக்கூடாது. சித்திரை மாத மத்தியானம், ஈரோட்டில் ஏசி இல்லாத ஹாஸ்டல் அறை, மெத்தையின் மேல் லேப்டாப். சூடேறினால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் சி-யை அளந்து மத்தியானம் ரஸ்ட்டை அளந்தால் ஒப்பிடப்படுவது காலையும் மத்தியானமும்தான். பேட்டரியில் ஓட்டினாலும் இதே கதி. சார்ஜரை மாட்டி, இரண்டையும் மாற்றி மாற்றிப் பல தடவை ஓட்டி, நடு மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் புதிர் எதைச் சொல்லாது

எல்லாம் ஒழுங்காக அளந்தாயிற்று. என்ன தெரிந்தது? சின்ன முழு எண்களைக் கழித்து, ஒப்பிட்டு, ஃபங்ஷனை அழைத்துத் திரும்பும் வேலையில் எது முந்துகிறது என்பது தெரிந்தது. ராணிகளின் தகவல் சில பைட்டுகளுக்குள் அடங்கிவிடும். பெரிய அளவு தகவலை மெமரியிலிருந்து இழுக்கும் வேலை இதில் இல்லவே இல்லை. சுடோக்கு போடும் புரோகிராமில் ஒவ்வொரு அடிக்கும் பலகையைப் பிரதியெடுத்தால், மெமரி ஒதுக்குவதும் விடுவிப்பதும் நடுவில் வந்துவிடும். அங்கே மடங்குக் கணக்கு மாறிவிடும். பைத்தானில் பெரிய எண் பட்டியல்களை நம்பை என்ற நூலகத்திடம் கொடுத்தால், உள்ளே கூட்டுவதும் பெருக்குவதும் சி-யில் எழுதிய பகுதி. அங்கே சி-க்கும் பைத்தானுக்கும் சண்டை மூட்டவே முடியாது.

வேலைக்குப் போனபின் பார்க்கும் புரோகிராம்களோ வேறு ஜாதி. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனிக்கு பேக்கிங் லிஸ்ட் போடும் சாஃப்ட்வேர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டைல், கலர், சைஸ் வாரியாக எந்தப் பெட்டியில் எத்தனை பீஸ் என்ற கணக்கு. பட்டனை அழுத்தினால் லிஸ்ட் வர ஒரு நிமிஷம் ஆகிறது, கன்டெய்னர் லாரி வாசலில் நிற்கிறது. "பைத்தான்ல எழுதினா இப்படித்தானுங்க" என்று யாராவது சொல்வார்கள். உள்ளே பார்த்தால், ஒவ்வொரு பெட்டிக்கும் டேட்டாபேஸிடம் தனித்தனியாகக் கேள்வி போய்க்கொண்டிருக்கும். இரண்டாயிரம் பெட்டி என்றால் இரண்டாயிரம் கேள்வி, இரண்டாயிரம் காத்திருப்பு. காத்திருக்கும்போது சி-யும் சும்மாதான் நிற்கும், பைத்தானும் சும்மாதான் நிற்கும். எல்லாப் பெட்டிக்கும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்டால் அந்தக் காத்திருப்பில் பெரும்பகுதி போய்விடும், அதற்கு மாற்ற வேண்டியது நாலைந்து வரிகள்.